ஓலை முதல் கணினி வரை: எழுத்தர் பணியும் மனச்சுமையும்

தோற்றுவாய்

மன்னர்க்கு வரலாறு உண்டு. மறவர்க்கு நடுகல் உண்டு. புலவர்க்குப் பாட்டு உண்டு. ஆயின், மன்னன் இட்ட ஆணையை ஓலையில் எழுதியவனுக்கும், துரை சொன்ன கணக்கைப் பேரேட்டில் ஏற்றியவனுக்கும், மேலாளர் கூறக்கூற மடலைத் தட்டச்சில் அடித்தவளுக்கும் தனியே ஒரு வரலாறு எழுதப்படவில்லை. நாம் அறிந்த வரலாறு அனைத்தும் அவர்தம் கைவழியாகவே நம்மை வந்தடைந்தது. அந்தக் கை எவ்வளவு நடுங்கிற்று என்பது மட்டும் எந்தப் பேரேட்டிலும் பதிவு பெறவில்லை.

எழுத்தர், செயலாளர், கிராணி எனப் பல பெயர்களால் வழங்கும் இப்பணியாளரைப் பணியிடத்து மனவழுத்தம் எவ்வாறு தாக்குகின்றது, அத்தாக்கத்தால் அவர்தம் பணித்திறன் எவ்வாறு குன்றுகின்றது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவனும் அல்லேன்; உளநூல் வல்லுநனும் அல்லேன். கிராணி ஒருவரின் மகன். இன்று ஓர் எழுத்தரின் மேலதிகாரி. இவ்விரு நிலைகளும் எனக்குக் கற்பித்த பாடமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

ஓலையும் எழுத்தாணியும்

ஆங்கிலத்தில் செயலாளரைக் குறிக்கும் ‘செக்ரட்டரி’ என்னும் சொல், மறைபொருள் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. தலைவனின் மறைபொருளைக் காப்பவன் என்பதே அதன் முதற்பொருள். சோழர் காலத்தில் அரசாணையை எழுதிய அலுவலர்க்குத் ‘திருமந்திர ஓலை’ என்று பெயர். மந்திரம் என்பதற்கும் மறைவாகச் செய்யும் ஆராய்ச்சி என்ற பொருள் உண்டு. கடல்களுக்கு அப்பாற்பட்ட இருவேறு நாகரிகங்கள் ஒரே பணிக்கு ஒரே கருத்தமைந்த பெயரைச் சூட்டியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. இப்பணியின் முதற்சுமையும் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. அறிந்ததைச் சொல்லக்கூடாது, சுமப்பதைக் காட்டக்கூடாது.

மலேசியத் தமிழராகிய நமக்கு நெருக்கமான சான்று ஒன்றுண்டு. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 21-ஆம் ஆண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். பெரிய லெய்டன் செப்பேடு என வழங்கும் அச்சாசனத்தின் தமிழ்ப் பகுதி, அரசனின் வாய்மொழி ஆணை எவ்வாறு எழுத்தாயிற்று என்பதைப் படிப்படியாகக் கூறுகின்றது. ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுகிறார். திருமந்திர ஓலை நாயகங்கள் அதனை ஒப்புகின்றனர். பின்னர் வரித்துறை அலுவலர் பலர் கூடியிருந்து வரிப்புத்தகத்தில் ஏற்றுகின்றனர். ஊரின் எல்லையைப் பிடி சூழ்ந்து வரையறுக்கின்றனர். அலுவலர் பலருடைய பெயர்கள் அதில் நிரல்பட வருகின்றன.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. எழுதியவர் ஒருவர், ஒப்பியவர் வேறொருவர், பதிந்தவர் மற்றொருவர். பொறுப்புப் பலர்மேல் பகிரப்பட்டது. பெயரும் பலர்க்குக் கிட்டியது. அக்காலத்து எழுத்தர் அச்சமின்றி வாழ்ந்தார் என்று சாதிக்க நான் முனையவில்லை. அரசவையில் பிழை எழுதுவோர்க்கு அச்சம் இருந்தே தீரும். ஆயினும், முழுச்சுமையும் ஒரு தலையின்மேல் ஏற்றப்படாத ஒழுங்கு அன்று இருந்தது என்பதை அச்செப்பேடு காட்டுகின்றது. பிற்காலத்தில் நாம் இழந்தது அவ்வொழுங்கையே.

மலாக்காவில் ஒரு படியெடுப்போர்

அடுத்து நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். ‘முன்ஷி அப்துல்லா’ என்று போற்றப்பெறும் அப்துல்லா பின் அப்துல் காதிர் மலாக்காவில் பிறந்தவர். தமிழ்க் குருதித் தொடர்பு உடையவர். இளமையில் தமிழும் பயின்றவர். 1811-ஆம் ஆண்டின் சாவகப் படையெடுப்புக்கு முன், மலாய் அரசர்களுக்கு மடல்கள் வரைவதற்காக இராஃபிள்ஸ் மலாக்காவில் எழுத்தர் சிலரை அமர்த்தினார். அவர்களுள் மிக இளையவராகப் படியெடுக்கும் பணியில் இருந்தவர் அப்துல்லா. 1849-இல் வெளிவந்த ‘இக்காயாட் அப்துல்லா’ என்னும் தம் வரலாற்று நூலில் அந்நாள்களை அவர் விவரித்துள்ளார்.

இராஃபிள்ஸ் இரவு நெடுநேரம் விழித்திருந்து எழுதுவதையும், மேசைமீதே சாய்ந்து உறங்குவார்போல் கண்மூடிக் கிடந்து திடுமென எழுந்து எழுதுவதையும் அவர் குறிக்கின்றார். தலைவனைப்பற்றிய இத்துணை நுண்ணிய செய்திகளை வேறு யார் எழுதியிருக்க முடியும்? எழுத்தருக்குக் கண் இரண்டு போதா. ஒரு கண் தாளின்மேல் இருக்க, மற்றொரு கண் தலைவனின் முகத்தின்மேல் இருக்கவேண்டும். தலைவனின் மனநிலையை அறிந்து நடப்பதும் இப்பணியின் ஒரு கூறு. அதற்கு ஊதியம் எவரும் கணக்கிட்டதில்லை.

கிராணி என்னும் இடைமனிதர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவெங்கும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்தனர். மேலே ஆங்கிலத் துரை. கீழே தமிழ்த் தொழிலாளி. இருவர் மொழியும் வேறு. இடையில் நின்றவர் கிராணி. ஆங்கிலம் பயின்ற யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் இப்பணிக்குப் பெரிதும் அமர்த்தப்பட்டனர். கிராணி என்னும் சொல்லே வடமொழியின் ‘கரண’ என்னும் சொல்லடியிலிருந்து இந்தி வழியாக மலாய்க்கு வந்து, அங்கிருந்து நம் நாவில் நிலைத்தது என்பர்.

கிராணியின் நாள் இருள் பிரியுமுன் பெரட்டுக்களத்தில் தொடங்கும். வந்தவர் யார், வாராதவர் யார் என்று செக்ரோலில் குறிக்கவேண்டும். நண்பகலில் பால் நிறுக்கும் கொட்டகையில் நிற்கவேண்டும். பாலின் எடை, அதில் உலர் இரப்பர் எவ்வளவு தேறும் என்னும் கணிப்பு, கட்டிப்பால், ஒட்டுப்பால் அனைத்தும் ஆளுக்கு ஆள் தனித்தனிக் கணக்கு. மாலையில் அலுவலகம், மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல். தொழிலாளி ஒருவரின் கூலியில் ஐந்து காசு குறைந்தால் லயத்தில் வசவு. ஐந்து காசு மிகுந்தால் அலுவலகத்தில் வசவு.

தொழிலாளர் பார்வையில் கிராணி ஒரு கொடியவர். அவ்வாறு எண்ணுவதற்குக் காரணங்களும் இருந்தன. எடையைக் குறைத்தவரும், ஏழையை இழிவாகப் பேசியவரும், துரையின் பெயரால் தாமே துரையாக நடந்தவரும் கிராணிமாருள் உண்டு. நம் புதினங்களும் சிறுகதைகளும் அவர்களைப் பலகாலும் தீட்டியுள்ளன. அதனை மறைப்பது வரலாறு ஆகாது. ஆனால், மேலிருந்து வரும் அழுத்தத்தைக் கீழே இறக்கிவைப்பது தவிர வேறு வழியறியாத மனிதரும் அவர்களுள் பலர் இருந்தனர் என்பதைக் கூறாமல் விடுவதும் வரலாறு ஆகாது.

சப்பானியர் காலம் இதனைக் கொடுமையாக மெய்ப்பித்தது. 1941 திசம்பரில் போர் மூண்டதும் துரைமார் தோட்டங்களை விட்டு அகன்றனர். பல தோட்டங்களில் நிருவாகப் பொறுப்புக் கிராணிமார் கைக்கு வந்தது. 1942-க்கும் 1943-க்கும் இடையே சயாமையும் பருமாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில்பாதை இடப்பட்டபோது, மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் தோட்டத் தமிழர். இத்தனை ஆள் வேண்டும் என்ற ஆணை தோட்ட அலுவலகத்துக்கு வரும். பெயர்களைத் தேர்ந்து எழுதவேண்டிய நிலை அங்கிருந்தவர்க்கு வந்தது. அப்பட்டியலில் இருந்தோருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. மாண்டவர் துயருக்கு முன் எழுதியவர் துயர் சிறிது என்பது உண்மையே. எனினும், ஒரு பெயர்ப் பட்டியல் எவ்வளவு கனமானதாக இருக்கமுடியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

என் தந்தையார்

என் தந்தையார் போருக்குப் பிந்திய தலைமுறைக் கிராணி. கெடா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பணியாற்றினார். சம்பள நாளுக்கு முந்திய இரவுகள் இன்றும் என் நினைவில் உள்ளன. அவர் உணவுத் தட்டின் முன் அமர்வார். இரண்டு கவளத்தில் எழுந்துவிடுவார். கூட்டுத்தொகையில் முப்பது காசு இடித்தது என்றால், அம்முப்பது காசைத் தேடி நள்ளிரவு தாண்டியும் விளக்கின்கீழ் அமர்ந்திருப்பார்.

ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல், “அந்த முப்பது காச நான் குடுத்துடறேங்க, வந்து படுங்க” என்றார். அப்பா சிரிக்கவில்லை. “காசு இல்லம்மா பிரச்சினை. எங்க தப்புன்னு தெரியாம நாளைக்கு எப்படி முகத்தப் பார்ப்பேன்?” என்றார். துரையின் முகத்தையா, தொழிலாளியின் முகத்தையா என்று அவர் விளக்கவில்லை. இரண்டையுந்தான் என்று இன்று எனக்குப் புரிகின்றது. அவ்வாறு விழித்த இரவுகளுக்கு மறுநாளே அவர் மிகுதியாகப் பிழை செய்தார் என்பதையும் நான் அறிவேன். பிழைக்கு அஞ்சியதால் உறக்கம் கெட்டது. உறக்கம் கெட்டதால் பிழை வந்தது.

தட்டச்சுப் பொறியும் பெண்டிரும்

இனி மேலைநாட்டில் நிகழ்ந்த ஒரு பெருமாற்றத்தைச் சுருங்கக் காண்போம். 1837-இல் ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்து முறையை வெளியிட்டார். 1868-இல் அமெரிக்கர் கிறித்தோபர் லேதம் சோல்ஸ் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் இரெமிங்டன் நிறுவனத்தார் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதுவரை அலுவலக எழுத்தர் பெரும்பாலும் ஆடவரே. பொறி வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்காவில் சுருக்கெழுத்தர், தட்டெழுத்தர் ஆகியோருள் பெண்டிர் 1880-இல் சுமார் 40 விழுக்காட்டினர். 1930-இல் சுமார் 95 விழுக்காட்டினர்.

பெண்டிர்க்கு வீட்டுவாயிலைத் திறந்துவிட்ட இப்பொறி, அலுவலகத்தில் வேறொரு வாயிலை மூடிவிட்டது. முன்னர் எழுத்தராகச் சேர்ந்த ஆடவர் நாளடைவில் மேலாளராகவும் உயரக்கூடும். தட்டெழுத்தராகச் சேர்ந்த பெண் தட்டெழுத்தராகவே ஓய்வுபெற்றாள். அன்றியும், தொழிற்சாலையில் நொடிகளை அளந்த ‘அறிவியல் மேலாண்மை’ அலுவலகத்துக்குள்ளும் புகுந்தது. 1917-இல் இத்துறையில் நூல் எழுதிய லெஃபிங்வெல் என்பவர், குடிநீர்க் குழாய் தொலைவில் இருந்தால் ஓர் அலுவலகத்தின் எழுத்தர் அனைவரும் நீர் அருந்துவதற்காகவே ஆண்டுக்கு ஐம்பதாயிரம் மைல் நடப்பார்கள் என்று கணக்கிட்டார். நடப்பவரின் தாகத்தை அவர் கணக்கிடவில்லை.

இவ்விடத்தில் தமிழுக்குப் பெருமை சேர்த்த ஓர் எழுத்தரை நினைத்தல் தகும். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளமையில் மலாயா வந்து, சிங்கப்பூரில் எழுத்தராகப் பணியாற்றியவர். ஆங்கிலப் பொறி ஓடிய அலுவலகத்தில் இருந்துகொண்டே, 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கும் வழியை அவர் தேடினார். தட்டியபின் உருளை நகராத விசைகளை அமைத்து, புள்ளியையும் கொம்புகளையும் எழுத்தோடு பொருத்தினார். அவர் வகுத்த பொறி செருமனியில் உருவாகிப் புழக்கத்துக்கு வந்தது. எழுத்தர் என்பவர் சொன்னதைச் செய்யும் பொறி அல்லர். பொறியையே படைக்கவல்ல மூளை உடையவர் என்பதற்கு அவர் சான்று.

மற்றொரு சான்று டல்லாஸ் நகரத்தது. 1950-களில் அங்கொரு வங்கியில் செயலாளராக இருந்த பெட் நெசுமித் கிரேயம், தனியொருவராக மகனை வளர்த்த தாய். மின்தட்டச்சுப் பொறியில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அழிப்பது அரிது; பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்கவேண்டும். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில், ஓவியர்கள் பிழையை அழிப்பதில்லை, அதன்மேல் வண்ணம் பூசுகிறார்கள் என்பதை எண்ணி, வெள்ளை நீர்வண்ணத்தைச் சிறு புட்டியில் கொண்டுசென்று பிழைகளின்மேல் மறைவாகப் பூசினார். அதுவே பின்னர் உலகறிந்த ‘லிக்குவிட் பேப்பர்’ ஆயிற்று. அந்நிறுவனத்தை 1979-இல் 475 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு விற்றார். அச்சமும் ஆக்கம் தரும் என்று இதனைக் காட்டுவாரும் உளர். அவ்வொருவர்க்கு ஆக்கம் தந்தது. ஆனால் பிழையை மறைத்து வைக்கவேண்டிய நிலையில் எத்தனை இலட்சம் பேர் இருந்திருந்தால் அப்புட்டி அவ்வளவு விற்றிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அறிவியல் கூறுவது

மனவழுத்தம் பற்றிய அறிவியல் ஆய்வு நூறாண்டுப் பழமையுடையது. 1908-இல் யெர்க்சு, டாட்சன் என்னும் இருவர் எலிகளை வைத்து ஆராய்ந்தனர். எளிய செயலில் தூண்டுதல் மிகமிகக் கற்றல் விரைந்தது. கடினமான செயலிலோ தூண்டுதல் ஓரளவைத் தாண்டியதும் கற்றல் குன்றியது. எலிக்குக் கண்டதை மனிதர்க்கு அப்படியே ஏற்றுவது முறையன்று. ஆயினும், ‘அச்சுறுத்தினால் வேலை நடக்கும்’ என்னும் எண்ணம் எங்கே பொய்க்கும் என்பதை அது சுட்டுகின்றது. மூட்டை தூக்குபவரை அதட்டினால் விரைந்து தூக்கக்கூடும். நூறு பெயர், நூறு எண், நூறு தேதி ஆகியவற்றை மனத்தில் நிறுத்திச் செய்யும் வேலையை அதட்டல் சிதைக்கும். 1936-இல் ஆன்சு செலியே என்னும் மருத்துவ அறிஞர், எவ்வகைத் துன்பமாயினும் நீடித்தால் உடல் ஒரே வகையில் எதிர்வினை புரிந்து இறுதியில் தளர்கிறது என்னும் கருத்தை வெளியிட்டார்.

எழுத்தர்பால் இவ்வாய்வுகள் திரும்பியது 1970-களில். அமெரிக்கத் தேசியத் தொழில் பாதுகாப்பு உடல்நல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 130 தொழில்களை ஒப்பிட்டு 1977-இல் வெளியிட்ட ஆய்வில், மனவழுத்தம் சார்ந்த நோய்களில் உடலுழைப்புத் தொழிலாளர்க்கு அடுத்த இரண்டாம் இடத்தில் செயலாளர் இருந்தனர். 1980-இல் வெளிவந்த ஃபிராமிங்கம் ஆய்வு இன்னும் கூர்மையானது. எழுத்தர் பணிபுரிந்த பெண்டிர்க்கு இதயநோய், இல்லத்தரசியரைவிட ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. பணிபுரியும் பெண்டிர் அனைவரையும் ஒருசேர நோக்கினால் அத்தகைய வேறுபாடு இல்லை. எனவே, வேலைக்குப் போவது நோய்க்குக் காரணமன்று. அந்த வேலையின் தன்மையே காரணம். எத்தகைய எழுத்தர்க்கு நோய் மிகுந்தது என்று பார்த்தபோது மூன்று கூறுகள் புலப்பட்டன: அடக்கிவைத்த சினம், துணைநில்லா மேலதிகாரி, வேறு வேலைக்கு மாறும் வாய்ப்பின்மை. ஃபிராமிங்கம் நகரத்துப் பெண்டிரைக் குறித்து எழுதியதைப் படித்தபோது நான் என் தந்தையாரைக் கண்டேன்.

இதன் காரணத்தை 1979-இல் இராபர்ட் கராசெக் என்னும் அறிஞர் எளிய முறையில் விளக்கினார். வேலை மிகுதியால் மட்டும் ஒருவர் நலிவதில்லை. வேலை மிகுந்திருக்க, அதனை எப்போது, எவ்வாறு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்திருக்கும்போதே நலிவு மிகுகின்றது. இலண்டன் அரசு அலுவலரிடையே 1985-இல் தொடங்கி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வும் இதனையே வலியுறுத்தியது. உயர்பதவியில் இருந்தோரைவிடக் கீழ்ப்பதவியில் இருந்தோர்க்கே இதயநோய் மிகுதி. அவ்வேற்றத்தாழ்வில் பெரும்பகுதியைப் பணியில் கட்டுப்பாட்டுரிமை இன்மையோடு தொடர்புபடுத்தி 1997-இல் முடிவு வெளியிட்டனர். பொறுப்பு மலையளவு, அதிகாரம் கடுகளவு என்னும் கிராணியின் நிலையை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

பணித்திறன் குன்றுவது எங்ஙனம்

மனவழுத்தம் பணித்திறனை முதலில் தாக்கும் இடம் நினைவாற்றல். செய்துகொண்டிருந்த வேலை எந்த இடத்தில் நின்றது என்பது மறக்கின்றது. இருமுறை செய்வதும் ஒருமுறையும் செய்யாமல் விடுவதும் நேர்கின்றன. அடுத்துத் தாக்குவது தீர்மானிக்கும் ஆற்றலை. எது முதல், எது பின் என்று வகைப்படுத்த இயலாமல், யார் உரக்கக் கேட்டாரோ அவர் வேலையே முதலில் நடக்கிறது. பின்னர் நாவைத் தாக்குகின்றது. பிழையைக் கண்டும் சொல்லாதிருத்தல், ஐயம் வந்தும் வினவாதிருத்தல் ஆகியவை வழக்கமாகின்றன. இதுவே பெருங்கேடு. சிறுபிழை அன்றே வெளிப்பட்டால் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம். ஆறு திங்கள் கழித்து வெளிப்பட்டால் அலுவலகமே ஆடும். இறுதியில் விடுப்பும், உடல் வந்தும் உள்ளம் வாராத நாள்களும், பணிவிலகலும் தொடர்கின்றன.

மேலதிகாரியின் கண்ணுக்கு இது நெடுங்காலம் புலப்படுவதில்லை. அதற்கும் ஓர் ஆய்வு விடை கூறுகின்றது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் குழுவினர் 2008-இல் வெளியிட்ட சோதனையில், இடையிடையே குறுக்கிடப்பட்டவர்கள் தம் வேலையைக் குறுக்கீடு இல்லாதவரைவிட விரைவாகவே முடித்தனர், தரமும் குன்றவில்லை. ஆயின் மனவழுத்தமும் சலிப்பும் கால நெருக்கடியுணர்வும் அவர்களிடம் மிகுந்தன. மேலதிகாரி காண்பது முடிந்த வேலையை மட்டுமே; அதன் விலையை எழுத்தர் தம் உடலிலிருந்து கொடுக்கிறார்.

1952-இல் அமெரிக்காவில் செயலாளர் வாரம் தொடங்கப்பெற்றது. அன்று மலர்க்கொத்து அளிப்பது வழக்கம். 1970-களில் போசுடன் நகர அலுவலகப் பெண்டிர் அமைப்பாகத் திரண்டபோது, ரோசாப்பூ வேண்டாம், ஊதிய உயர்வே வேண்டும் என்று முழங்கினர். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு உடல்நலச் சட்டம் 2022-இல் திருத்தப்பெற்று, 2024 சூன் முதல் நாளிலிருந்து ஏறத்தாழ எல்லாப் பணியிடங்களுக்கும் விரிந்துள்ளது. வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி வாரப் பணிநேரம் 2023 சனவரி முதல் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. 2019-இல் உலக உடல்நல நிறுவனமும் பணிச்சோர்வைப் பணியிடம் சார்ந்த நிலையெனத் தன் பட்டியலில் ஏற்றது. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும், ஓர் அறைக்குள் இருவரிடையே நிகழ்வதைச் சட்டம் முழுமையாக எட்டிப்பார்க்க முடியாது.

என் அலுவலகத்தில்

இனி நான் மறைக்க விரும்பாத ஒன்றைக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் எழுத்தர் ஒருவரே இருந்தார். இரு பிள்ளைகளின் தாய், பணியில் தேர்ந்தவர். ஓராண்டு, உதவிநிதி பெறும் மாணவர் பட்டியலில் மூன்று பெயர்கள் விடுபட்டன. மூன்றும் ஏழைக் குடும்பங்கள். பெற்றோர் வந்து வினவினர். நான் அவர்கள் முன்னிலையிலேயே எழுத்தரைக் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் மருத்துவ விடுப்பில் சென்றார்.

அவர் இல்லாத அந்நாளில் ஒரு கோப்பைத் தேடி அவர் மேசையில் அமர்ந்தேன். மேசைமேல் ஒரு குறிப்பேடு. செய்துகொண்டிருக்கும் வேலை நின்ற இடத்தை மறவாதிருக்க, ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் நேரத்தைக் குறித்து வைப்பது அவர் வழக்கம்போலும். பட்டியல் தட்டச்சான அந்தக் காலைப்பொழுதின் பக்கத்தைப் புரட்டினேன். பதினொரு மணிக்குள் இருபத்துமூன்று குறிப்புகள். தொலைபேசி, பெற்றோர், ஆசிரியர், மாவட்டக் கல்வி அலுவலகம் ஆகியவை நீங்க, ஒன்பது இடங்களில் ‘த.ஆ.’ என்றிருந்தது. தலைமையாசிரியர். விடுபட்ட மூன்று பெயர்களும் அடுத்தடுத்து வருபவை. அப்பெயர்களுக்கு நேரான இடத்தில் அவரை எழுப்பி அழைத்தவன் நானாகவே இருந்திருக்கலாம்.

என் தந்தையாரின் முப்பது காசு அன்று எனக்கு நினைவு வந்தது. துரைமாரைக் குறைகூறி வளர்ந்தவன் நான். அம்மேசையில் அமர்ந்தபோது, நான் எந்த நாற்காலியில் இருக்கிறேன் என்பது விளங்கிற்று.

அவர் திரும்பி வந்ததும் ஆசிரியர் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். கடிந்தது பிறர் முன்னிலையில் என்றால் வருந்துவதும் பிறர் முன்னிலையில்தானே முறை? பின்னர், “அம்மா, என்ன மாற்றினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?” என்று கேட்டேன். பெரிதாக ஏதும் கேட்பார் என எண்ணினேன். “காலையில ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாம இருந்தா போதுங்க ஐயா. அப்புறம், பேர்ப்பட்டியல வேற யாராச்சும் ஒருதடவை பார்த்துட்டா நல்லா இருக்கும்” என்றார்.

ஒன்பது முதல் பத்து மணிவரை அலுவலகக் கதவு சாத்தப்பட்டது; அந்நேரத்துத் தொலைபேசியைத் துணைத் தலைமையாசிரியர்களும் நானும் முறைவைத்து ஏற்றோம். பட்டியல்கள் அனைத்தையும் ஆசிரியர் ஒருவர் ஒப்பிட்டுக் கையொப்பமிட்டார். எழுதுபவர் ஒருவர், ஒப்புபவர் வேறொருவர் என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆனைமங்கலச் செப்பேட்டில் கண்ட முறையே. நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நான் அப்பள்ளியிலிருந்து மாற்றலாகும்வரை பட்டியலில் பெயர் விடுபட்டதாக எந்தப் பெற்றோரும் வந்ததில்லை. விடுபட்ட மூன்று பிள்ளைகளுக்கும் மேல்முறையீட்டில் உதவி கிட்டியது. ஆனால் நான்கு திங்கள் தாமதமாக.

முடிவுரை

ஓலை போயிற்று, எழுத்தாணி போயிற்று, செக்ரோலும் தட்டச்சுப் பொறியும் போயின. கணினியும் கைப்பேசியும் வந்தபின் எழுத்தரை அழைக்க நேரமும் இடமும் தடையாக இல்லை; இரவிலும் புலனத்தில் ஆணை வருகின்றது. கருவிகள் மாறியபோதெல்லாம் சுமை குறையும் என்றனர். வேகம் கூடியதேயன்றிச் சுமை குறையவில்லை. ஏனெனில் சுமை கருவியில் இல்லை. பொறுப்பை ஒருவரிடமும் உரிமையை மற்றொருவரிடமும் வைத்திருக்கும் அமைப்பில் இருக்கின்றது.

எழுத்தரின் பணித்திறன் குன்றும்போது, ‘இவர் ஏன் இப்படிச் செய்கிறார்?’ என்று வினவுவது எளிது. ‘இவர் வேலை செய்யும்போது நான் என்ன செய்கிறேன்?’ என்று வினவுவதே மேலதிகாரியாக இருப்போர்க்கு அழகு. என் தந்தையாரிடம் அவ்வினாவை எவரேனும் ஒருவர் கேட்டிருந்தால், அவர் சில இரவுகளேனும் முழுவயிறு உண்டு உறங்கியிருப்பார்.